பழக்கம் ஏதாச்சும் உண்டுங்களா

ஆடிக் காற்று பிடித்துவிட்டால் வேலம்பாளையத்தில் எதையும் வெளியே காயப்போட முடியாது. பனியன் கம்பெனிகளின் பின்புறம் குவிந்து கிடக்கும் வெட்டுத் துணியும் நூல் பிசிறும் கிளம்பி வந்து ஈரச் சேலையில் ஒட்டிக்கொள்ளும். அப்படிக் காற்றடித்த ஒரு காலையில்தான், காம்பாக்டிங் பட்டறை வாசலில் நின்ற டெம்போவின் மேலிருந்து குருசாமி விழுந்தான்.

சாயப்பட்டறையிலிருந்து காய்ந்து வரும் துணியை நீராவியில் அழுத்திச் சுருக்கம் எடுத்து உருளையாகச் சுற்றிக் கொடுக்கும் இடம் அந்தப் பட்டறை. உருளை பெரிய கனமில்லை. ஆனால் பிடிக்க இடம் இருக்காது. தோளில் வைத்தால் ஒரு பக்கமாக வழுக்கிக்கொண்டே போகும். அதற்கு ஈடுகொடுத்து இடுப்பை ஒடித்து ஒடித்து நடக்க வேண்டும். குருசாமிக்கு அதுதான் வேலை. அன்று மேலே நின்று உருளையை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தவன், காற்று ஒரு தள்ளுத் தள்ளியதும் உருளையோடு பின்னால் சாய்ந்தான். டெம்போவின் இரும்புக் கதவில் விலா இடித்து, அப்புறம் தரையில் விழுந்தான்.

முதலில் ஓடிவந்து தூக்கியவன் ஜெயபாண்டி. பட்டறைக்கு அவன்தான் சூப்பர்வைசர். குருசாமியின் மனைவி கருத்தம்மாவுக்கு உடன்பிறந்த அண்ணன்.

அவர்களுக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிக்குக் கிழக்கே, கரிசல் காடு. அப்பா குடித்தே செத்துப்போனார். அவர் சாகும்போது கருத்தம்மாவுக்குப் பாவாடை கட்டத் தெரியாத வயது. ஜெயபாண்டிதான் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போய், அப்புறம் திருப்பூருக்கு வந்து, தங்கச்சியைக் கட்டிக்கொடுத்தான். அப்பா செத்த நாளிலிருந்து சாராய வாடை அடிக்கும் இடத்தில் அவன் நின்றதில்லை. அதனால்தான் குருசாமியும் குடிக்கிறான் என்று கல்யாணத்துக்குப் பிறகு தெரிய வந்தபோது, அவனை இருக்கன்குடிக்குக் கூட்டிப் போய் மாரியம்மன் முன்னால், இனித் தொடமாட்டேன் என்று சூடம் அணைக்க வைத்தான். அந்தச் சத்தியத்தை நம்பித்தான் முதலாளியிடம், என் தங்கச்சி வீட்டுக்காரர் அந்தப் பக்கமே போகமாட்டார் என்று சொல்லி வேலை வாங்கிக் கொடுத்தான். பெண் பிள்ளை ஆஷாவைக் கோவில்பட்டியில் ஒரு ஹாஸ்டலில் படிக்க விட்டுவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் திருப்பூர் வந்து சேர்ந்தார்கள்.

சத்தியம் ஒரு வருஷம் நின்றது. முதலில் அதே முதலாளியின் சாயப்பட்டறையில் துணி வெளுக்கும் பிளீச்சிங் வேலை. அந்தப் புகையில் நெஞ்சு கெட்டு இருமல் ஒட்டிக்கொண்டது. அப்புறம் இந்தச் சுமை வேலை. சாயங்காலம் இடுப்பு நிமிராது. வரும் வழியில் ஒரு குவார்ட்டர் போட்டால்தான் சாப்பாடு இறங்கும் என்று ஆகிவிட்டது. சண்டை போடுவதோ, அடிப்பதோ கிடையாது. குடித்துவிட்டுச் சுவர் ஓரமாகப் படுத்துக்கொள்வான். அவன் அப்படி அமைதியாக இருந்ததே கருத்தம்மாவுக்கு மறைப்பதற்குத் தோதாகிவிட்டது. அண்ணன் வருகிறான் என்று தெரிந்தால் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு வாசலிலேயே நின்று பேசுவாள். அவுக அலுத்துப்போய்த் தூங்குதாக என்பாள். அண்ணனும் எட்டிப் பார்க்காமல், எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான்.

விழுந்த அன்று டவுனில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு டாக்டர் மகுடேஸ்வரனின் கிளினிக்குக்குப் போனார்கள். டாக்டர் உள்ளூர்க்காரர். காட்டை விற்று மற்றவர்கள் கம்பெனி கட்டியபோது, அவர் தன் வீட்டின் முன் அறைகளைக் கிளினிக் ஆக்கியவர். வேலம்பாளையத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டுச் சனங்கள் காய்ச்சல் தலைவலிக்கு அவரிடம்தான் போவார்கள். அங்கே நர்சாக இருந்த ரோஸ்மேரி நாசரேத்துப் பக்கத்துப் பெண்; கருத்தம்மா இருந்த அதே லைனில் பக்கத்து அறையில் குடியிருந்தாள்.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், விலா எலும்பு இரண்டு விரிசல் விட்டிருக்கிறது, கட்டுப் போட முடியாத இடம், தானாகத்தான் கூட வேண்டும் என்றார். நெஞ்சில் குழாய் வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக விசாரித்தார். வலிப்பு வந்ததுண்டா, வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுவதுண்டா, ராத்திரியில் மூச்சு முட்டுமா. குருசாமி வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினான்.

"பழக்கம் ஏதாச்சும் உண்டுங்களா? தண்ணி கிண்ணி போடுவீங்களா?"

குருசாமி சுவரைப் பார்த்தான். கருத்தம்மாவுக்குப் பின்னால் அவள் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். அவன் சட்டையிலிருந்து பட்டறையின் நீராவி வாடை வந்தது.

"அதெல்லாம் தொட மாட்டாக டாக்டரய்யா" என்றாள் கருத்தம்மா.

"அந்தப் பேச்சுக்கே இடமில்ல சார். அதுக்கு நான் பொறுப்பு" என்றான் ஜெயபாண்டி.

டாக்டர் எழுத ஆரம்பித்தவர் நிறுத்தி, மறுபடியும் அவர்களைப் பார்த்தார். "ஏன் கேக்கறேன்னா, இது சாதாரண வலி மாத்திரை இல்லீங்க. வேகமானது. நெஞ்சுல வேற எளைப்பு இருக்குது. இதப் போடறப்ப ஒரு சொட்டு உள்ள போகப்படாது. தூக்க மாத்திரை, இருமல் டானிக்கு எதுவுஞ் சேக்கப்படாது. காத்தால ஒண்ணு, பொழுதோட ஒண்ணு. வலிக்குதுன்னு மேக்கொண்டு போட்றாதீங்க. என்ன ஒண்ணுன்னாலும் ஒடனே வந்துருங்க."

அவர் சொன்ன எல்லாமே கருத்தம்மாவுக்கு விளங்கியது. பின்னாளில் அவளால் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள முடியாமல் போன சமாதானம் இது ஒன்றுதான். விளங்காமல் செய்தேன் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

மாத்திரை கேட்டது. முதல் நாள் வலி அடங்கி, கொஞ்சம் கஞ்சி குடித்தான். மறுநாள் வலியைவிட வேறொன்று பெரிதாக வந்தது. கை நடுங்கியது. தம்ளரைப் பிடிக்க முடியாமல் தண்ணீரை நெஞ்சில் ஊற்றிக்கொண்டான். உடம்பெல்லாம் வேர்த்து, போட்டிருந்த பனியனைப் பிழியலாம் போல் ஆனது. கண்ணை மூடினால் யாரோ வாசலில் நிற்கிறார்கள் என்று எழுந்திருக்கப் பார்ப்பான். எழுந்தால் விலா கத்தியால் குத்தியது போல் வலிக்கும். உடனே இருமல் வரும். இருமினால் இன்னும் வலிக்கும். தினமும் உள்ளே போய்க்கொண்டிருந்தது நின்றதால் உடம்பு இப்படி ஆடுகிறது என்று அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஊரில் அவள் அப்பாவும் கையில் துட்டு இல்லாத நாட்களில் இப்படித்தான் ஆடுவார் என்று அண்ணன் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

லைனுக்குப் பொதுவான குழாயடியில் ரோஸ்மேரி விசாரித்தாள். குருசாமி அண்ணனுக்கு எப்படி இருக்கு, ஏதும் என்றால் சார் வீட்டுக்கே வந்து பார்ப்பார், சொல்லட்டுமா என்றாள். கருத்தம்மா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வலிதான், வேறொன்றுமில்லை என்றாள். டாக்டரிடம் போனால் இந்த நடுக்கம் எதனால் என்று கேட்பார். பதில் சொன்னால் அன்று சொன்னது பொய் என்று ஆகும். டாக்டருக்குத் தெரிந்தால் ரோஸ்மேரிக்குத் தெரியும், ரோஸ்மேரிக்குத் தெரிந்தால் லைனுக்கே தெரியும், லைனுக்குத் தெரிந்தது பட்டறைக்குப் போக எவ்வளவு நேரமாகும். ஒரு வார்த்தை பொய் சொன்ன பிறகு அந்தக் கிளினிக் வாசல் அவளுக்கு அடைபட்டுப் போனது.

குருசாமி கெஞ்சவில்லை. ஒரே ஒரு தடவை, "கொஞ்சூண்டு இருந்தா நின்னுரும் ஆத்தா" என்றான். ஆத்தா என்று அவன் கூப்பிடுவது மகள் ஆஷாவைத்தான். ஆள் தெரியாமல் கூப்பிடுகிறானோ என்று அவளுக்குப் பயமாகிவிட்டது.

மறுநாள், தான் வேலை செய்யும் பனியன் கம்பெனியில் ஒற்றை ஷிப்ட்டோடு இறங்கிக்கொண்டாள். வேலம்பாளையத்துப் பிராந்திக் கடையில் அவளைத் தெரியாத ஆளில்லை. அதனால் பழைய பஸ் ஸ்டாண்டு போய், அங்கிருந்து பல்லடம் பஸ் ஏறி அருள்புரத்தில் இறங்கினாள். வெயில் இன்னும் இருந்தது. கடை வாசலில் கம்பித் தடுப்புக்குள் ஆண்கள் வரிசையாக நின்றார்கள். சேலைத் தலைப்பை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டு, வரிசையில் சேர்வதா, பக்கவாட்டில் போய்க் கேட்பதா என்று தெரியாமல் தள்ளி நின்றாள். யாராவது கேலி செய்வார்கள் என்று எதிர்பார்த்தாள். வரிசையில் நின்ற வயசாளி ஒருவர் அவளைப் பார்த்துவிட்டு, "பொம்பளைப் புள்ள நிக்குதுல்லங்க, வழி விடுங்கப்பா" என்று மற்றவர்களை விலக்கிவிட்டார். எல்லோரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு விலகினார்கள். கேலி செய்திருந்தால் அவள் திரும்பிப் போயிருப்பாள். அவர்கள் மரியாதையாக வழிவிட்டதால் முன்னே போய் வாங்க வேண்டியதாகிவிட்டது. குவார்ட்டரைச் சாப்பாட்டுத் தூக்குச் சட்டிக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.

அன்று இரவு கொடுக்கவில்லை. மாத்திரை போட்டிருக்கிறானே என்று யோசித்து நிறுத்திவிட்டாள். மாத்திரையின் வேகம் இறங்கியபின் காலையில் கொஞ்சமாகக் கொடுப்பது, காலை மாத்திரையை விட்டுவிடுவது, பொழுதுக்கு மேல் மாத்திரை கொடுப்பது என்று தனக்குள் கணக்குப் போட்டுக்கொண்டாள். இரண்டும் சேரக்கூடாது, அவ்வளவுதானே என்று நினைத்தாள்.

விடிந்ததும் தம்ளரில் ஊற்றித் தண்ணீர் கலந்து, தலையைத் தூக்கிப் பிடித்துப் புகட்டினாள். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. முகத்தில் ரத்தம் வந்தது. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, மீதியையும் கேட்டான். ஊற்றிக் கொடுத்தாள். ஒரு இட்லி தின்றான். அதை விழுங்கும்போது புரையேறி இருமல் பிடித்துக்கொண்டது. விட்ட விலாவோடு அப்படி ஒரு இருமல். சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். அவன் அழுது அவள் பார்த்ததில்லை. எட்டரை மணி ஷிப்ட்டுக்குத் தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். மாத்திரை அட்டை அலமாரியில் இருந்தது. ஒன்றைக் கிழித்துக் கொடுத்தாள். வலி கேட்கவில்லை என்றான். இன்னொன்று கொடுத்தாள்.

அவள் சேலையை மாற்றிக்கொண்டிருந்தபோது அவன் தூங்கிவிட்டான். நீளமான குறட்டை. நடுவில் நின்று, கொஞ்சம் கழித்து மறுபடியும் இழுத்தது. எத்தனையோ நாளைக்கு அப்புறம் நன்றாகத் தூங்குகிறான் என்று நினைத்து, சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

செக்கிங் டேபிளில் அன்று குழந்தைகளுக்கான மஞ்சள் பனியன். ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று விரித்துப் பார்த்து, பிசிறு வெட்டித் தள்ள வேண்டும். எதிரே நின்று வேலை செய்தவள், இன்றைக்கு முகம் தெளிவாக இருக்கிறதே, வீட்டுக்காரருக்குத் தேவலையா என்று கேட்டாள். நல்ல தூக்கம் வந்துவிட்டது என்றாள் கருத்தம்மா. சொல்லும்போது சந்தோஷமாகக்கூட இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டு மணிக்கு ஓடிவந்து கதவைத் திறந்தாள். குறட்டை இல்லை. உதடு நாவல்பழம் தின்றது போல் இருந்தது. தொட்டுப் பார்த்தாள். அவள் போட்ட சத்தத்தில் சாப்பிட வந்திருந்த ரோஸ்மேரி எச்சில் கையோடு ஓடிவந்தாள். கழுத்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு ஆட்டோ கூப்பிடச் சொன்னாள். லைன்காரர்கள் நாலு பேர் தூக்கினார்கள். ஆட்டோவில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது, ரோஸ்மேரி காலிப் பாட்டிலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, தலைமாட்டில் இருந்த தம்ளரைக் குழாயடியில் வேகமாகக் கழுவுவது கருத்தம்மாவுக்குத் தெரிந்தது. அதற்குள் ஆட்டோ கிளம்பிவிட்டது.

டாக்டர் மகுடேஸ்வரன் கிளினிக் தரையிலேயே படுக்கவைத்து நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தார். விட்டிருந்த விலா மேலும் நொறுங்கும் சத்தம் கேட்டும் நிறுத்தவில்லை. பெரியாஸ்பத்திரிக்கு அவரே கூட வந்தார். அங்கே, வரும்போதே உயிரில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

ஜெயபாண்டி அழவில்லை. மாத்திரை அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வேகமான மாத்திரை என்று டாக்டரே சொன்னார், அதைக் கொடுத்துத்தான் கொன்றுவிட்டார் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னான். மறுநாள் காலையில் பட்டறை ஆட்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்துவிட்டார்கள். டாக்டரைக் கைது செய்யாமல் பிணத்தை வாங்க மாட்டோம் என்று பிணவறை முன்னால் உட்கார்ந்தார்கள். ஒரு கூட்டம் வேலம்பாளையத்துக்குப் போய்க் கிளினிக்கின் மேல் கல்லெறிந்தது.

கருத்தம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தாள். பெண்கள் மாறி மாறிக் கட்டிப்பிடித்து, குடிக்காத மனுசன், கேடில்லாத மனுசன், இப்படிப் பண்ணிவிட்டானே அந்த டாக்டர் என்று அழுதார்கள். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறப்பாள். அதற்குள் இன்னொருத்தி வந்து கட்டிக்கொள்வாள். எதிரே நின்ற அண்ணனின் முகத்தைப் பார்த்தால் நாக்கு எழவில்லை.

பத்து மணிவாக்கில் ரோஸ்மேரி வந்தாள். முன்கையில் துணி சுற்றி, அதில் ரத்தம் ஊறியிருந்தது. கிளினிக் ஷட்டரை இறக்கப் போனபோது கண்ணாடி பட்டுவிட்டதாம். தையல் போட வந்தவள், கூட்டம் விலகிய நேரம் பார்த்துக் கருத்தம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, அந்தத் தம்ளரைக் கழுவுனது நாந்தான். அண்ணன் போன நேரத்துல நாலு பேரு உங்களைத் தப்பாப் பேசிரக் கூடாதேன்னு செஞ்சேன். இப்ப எங்க சாரைக் கொலகாரன்னு சொல்லுதாவ. அவரு ராத்திரி பூரா உக்காந்து, நான் என்ன தப்புப் பண்ணுனேன், மாத்திரை அளவு கூடிப்போச்சான்னு பொஸ்தகத்தை எடுத்துப் பாத்துக்கிட்டு இருந்தாரு. நான் பக்கத்துலயே நின்னேங்க்கா. பாட்டிலு விசயத்தைச் சொல்ல முடியல. நான் சொன்னாலும், சம்பளத்துக்காகப் பேசுதான்னுதான் சொல்லுவாவ."

கருத்தம்மா அவள் கையைப் பார்த்தாள். துணியிலிருந்து ஒரு சொட்டு வராந்தாத் தரையில் விழுந்தது.

"நீ போயித் தையல் போடு" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

பிணவறை முன்னால் ஜெயபாண்டி போலீஸ் எஸ்.ஐ.யிடம் கையை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தான். சுற்றிலும் ஆட்கள். கருத்தம்மா வருவதைப் பார்த்து, அவள் அழுது முறையிடத்தான் வருகிறாள் என்று நினைத்து வழிவிட்டார்கள்.

"அண்ணே, டாக்டரு மேல தப்பில்ல" என்றாள். "அவுக குடிச்சிருந்தாக."

"கூறு கெட்டுப் பேசாத. நீ போயி உக்காரு."

"நாந்தான் வாங்கிக் குடுத்தேன். அருள்புரத்துக் கடையில போயி வாங்கியாந்தேன். நாந்தான் ஊத்திக் குடுத்தேன். மாத்திரையும் நாந்தான் குடுத்தேன், ஒண்ணுக்கு ரெண்டா. சேரக் கூடாதுன்னு டாக்டரு சொன்னாரு. சொன்னதுக்கு அப்புறந்தான் குடுத்தேன்."

ஜெயபாண்டி அவள் தோளைப் பிடித்துத் திருப்பப் பார்த்தான். அவள் அசையவில்லை. துக்கத்தில் பிதற்றுகிறாள் என்று யாரோ சொன்னார்கள். அவள் எஸ்.ஐ.யைப் பார்த்து முதலிலிருந்து சொன்னாள். சூடம் அணைத்தது ஒரு வருஷம்தான் நின்றது, நாலு வருஷமாகத் தினமும் குடித்தார், டாக்டர் கேட்டபோது இல்லை என்று பொய் சொன்னேன் என்றாள். ஏன் பொய் சொன்னாய் என்று எஸ்.ஐ. கேட்டார்.

"எங்க அண்ணன் பக்கத்துல நின்னாக."

உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார்கள். பட்டறை ஆட்கள் ஷிப்ட்டுக்கு நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டு இரண்டிரண்டு பேராகப் போனார்கள். கட்டிப்பிடித்து அழுத பெண்களில் ஒருத்தி, கொண்டவனுக்குச் சாராயம் ஊற்றிக் கொடுக்கிற பொம்பளையும் உண்டா என்று அவள் காதுபடவே சொல்லிவிட்டுப் போனாள். கருத்தம்மாவுக்கு அது வலிக்கவில்லை. தனக்கு வர வேண்டியது இப்போதுதான் வந்து சேர்கிறது என்பது போல் கேட்டுக்கொண்டாள். எஸ்.ஐ. அவள் சொன்னதை எழுதி ரேகை வாங்கிக்கொண்டு, பிரேதப் பரிசோதனை முடிவு வந்ததும் கூப்பிடுவோம் என்று அனுப்பினார்.

வாக்குமூலத்துக்காக வந்து ஆஸ்பத்திரிப் போலீஸ் அவுட்போஸ்ட் அறைக்குள் உட்கார்ந்திருந்த டாக்டர் மகுடேஸ்வரன் வெளியே வந்தார். ஒரு நாளில் ஆள் வற்றிப்போயிருந்தார். கருத்தம்மா அவர் காலில் விழப் போனாள். அவர் பின்னால் நகர்ந்து தடுத்தார்.

"வேண்டாமுங்க. நானுந்தான் தப்புப் பண்ணீட்டேன். அந்த மாத்திரையும் மூச்ச மெதுவாக்கும், சாராயமும் மெதுவாக்கும். நெஞ்சு எளைப்புக்காரருக்கு ரெண்டுஞ் சேந்தா மூச்சு நின்னே போயிரும். இத்தனை தெரிஞ்ச நானு, அவரத் தனியா உள்ள கூப்புட்டுக் கேட்டிருக்கோணும். மச்சானையும் ஊட்டுக்காரம்மாவையும் நிக்க வெச்சுட்டுக் கேட்டா எந்த மனுசன் உண்டுன்னு சொல்லுவாருங்க? பொய் சொல்லறதுக்குத் தோதா நாந்தான் கேட்டுப்போட்டேன்."

நடுக்கத்துக்கும் மருந்து உண்டா என்று அவள் கேட்டாள். உண்டு என்றார் டாக்டர். சொல்லியிருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஒரு வாரத்தில் சரிசெய்திருக்கலாம் என்றார். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்பது போல் அவர் முகம் மாறியது. அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். டாக்டரும் ரோஸ்மேரியும் அந்தத் தப்பில் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளப் பார்த்தார்கள். அவளிடம் இருந்தது அதனால் ஒரு குன்றிமணி அளவுகூடக் குறையவில்லை.

மத்தியானம் ஊருக்கு வேன் கிளம்பியது. பின்னால் பெஞ்சில் குருசாமி. கீழே ஒரு பக்கம் கருத்தம்மா, எதிர்ப் பக்கம் ஜெயபாண்டி. முதலாளி அனுப்பிய மாலை, சீட்டுக்கு அடியில் உருண்டுகொண்டு வந்தது. பிணவறை வாசலில் பேச்சு நின்றதிலிருந்து அண்ணன் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது. பல்லடம் தாண்டிச் சோளக்காடும் வெங்காயக் காடுமாக வந்தது. காற்றாலைகள் நிற்காமல் சுற்றின. வேன் கதவு இடுக்கு வழியாகக் காற்று ஊதி, மூடியிருந்த வேட்டியைத் தூக்கிக்கொண்டே இருந்தது. அவள் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஜெயபாண்டி குனிந்து மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டான்.

குண்டடத்தில் டிரைவர் டீ குடிக்க நிறுத்தினான். ஜெயபாண்டி இறங்கி இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்தான். ஒன்றை அவளிடம் நீட்டினான். வாங்கிக்கொள்ளத் தோன்றாமல் இறங்கி நின்றாள். அவன் இரண்டு டம்ளரையும் ரோட்டோர மைல்கல்லின் மேல் வைத்தான்.

"டாக்டரு கேட்டப்ப எனக்குத் தெரியும்" என்றான்.

அவளுக்கு விளங்கவில்லை.

"மாப்ளை குடிக்கது எனக்குத் தெரியும். போன வருசம் பங்குனியில கடை வாசல்ல பாத்தேன். அவரும் என்னையப் பாத்தாரு. நான் சைக்கிளைத் திருப்பிட்டு வந்துட்டேன். மொதலாளிகிட்ட சொன்ன வாக்கு கெட்டுரும்னு, பாக்காத மாதிரியே இருந்துட்டேன். நீ வாசல்ல நின்னு தூங்குதாகன்னு சொல்லுவ. எனக்கும் அது தோதா இருந்துச்சு. அன்னைக்கு நீ பொய் சொல்லுதேன்னு தெரிஞ்சுதான், நான் பொறுப்புன்னு சொன்னேன்."

அவன் குரல் உடையவில்லை. பட்டறையில் சரக்குக் கணக்குச் சொல்வது போல் சொல்லி முடித்தான். அப்புறம் மைல்கல்லின் பக்கத்தில் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். முதுகு குலுங்கியது.

கருத்தம்மா நின்றுகொண்டே இருந்தாள். அண்ணன் முகத்தில் விழிக்க முடியாது என்று அவள் நாலு வருஷம் கதவை ஒருக்களித்து வைத்திருந்தாள். அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றவனுக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. நடுவில் படுத்துக் கிடந்த மனுசனுக்கு, இரண்டு பேருக்கும் தெரியும் என்பது தெரிந்திருந்தது. யாரிடம் என்ன என்று சொல்வான். அதனால்தான் அன்று கிளினிக்கில் சுவரைப் பார்த்தான் போல. கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. குனிந்து அவன் முதுகில் கையை வைத்தாள்.

டிரைவர் ஹாரன் அடித்தான். ஜெயபாண்டி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். ஹாஸ்டலிலிருந்து ஆஷாவை ஊருக்குக் கூட்டிவர ஆள் போயிருக்கிறது, நாம் போய்ச் சேரும்போது வாசலில் நிற்பாள் என்றான். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "வேலையில விழுந்துட்டாருன்னே பிள்ளைகிட்ட சொல்லிக்கிடுவோம். அதுவும் நெசந்தான" என்றான்.

கருத்தம்மா வேனின் படியில் ஒரு காலை வைத்திருந்தாள். உள்ளே வேட்டி மறுபடியும் விலகி, குருசாமியின் பாதம் தெரிந்தது. அதை இழுத்து மூடினாள்.

"வேண்டாம்ணே. நானே சொல்லிக்கிடுதேன்" என்றாள். "நீ பக்கத்துல நில்லு."